பிளஸ் டூ ரிசல்ட்: பையன்கள் எட்டிப் பிடிக்கிறார்களா?

(ஓர் இணைய இழை. பேசுகிறவர்கள் எல்லாரும் புனைபெயரில்.)

மே 8, 2025, இரவு. நொய்யல்:
இன்றைய ரிசல்ட்: மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. இடைவெளி 3.54. போன வருடம் 4.07. 2023இல் 4.93. 2022இல் 5.36. படிப்படியாக இறங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் ஐந்தாறு வருடத்தில் சமமாகிவிடும். "மாணவிகளே அதிகம்" என்று வருடாவருடம் ஒரே தலைப்பைப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேயில்லை. சரிதானே?

மே 8, இரவு. அட்டவணை:
கழித்தது சரி. முடிவு அவசரம். தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் என்பது மட்டும்தான். எழுத வராதவர் அந்தக் கணக்கிலேயே இல்லை. மேலே இருக்கும் எண்ணை எல்லாரும் பார்க்கிறார்கள், கீழே இருக்கும் பகுதி எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

2024 மார்ச்சில் பிளஸ் டூ எழுதிய பள்ளி மாணவர்கள் 7,60,606 பேர். மாணவிகள் 4,08,440, மாணவர்கள் 3,52,165. பையன்கள் 56,000 பேருக்கு மேல் குறைவு.

இவர்கள் 2006-07 வாக்கில் பிறந்தவர்கள், அதாவது 2011 கணக்கெடுப்பில் 0–6 வயதுக்குள் இருந்தவர்கள். அந்த வயதில் தமிழ்நாட்டில் 1000 ஆண் குழந்தைக்கு 943 பெண் குழந்தைகள். அந்தக் கணக்கில் 4.08 லட்சம் பெண்கள் எழுதினால் 4.33 லட்சம் பையன்கள் எழுத வேண்டும். எழுதியவர் 3.52 லட்சம். குறைகிற 81,000 பேரைத் தேடிவிட்டு அப்புறம் இடைவெளியைப் பேசுவோம்.

மே 9, காலை. நொய்யல்:
தேட என்ன இருக்கிறது? சி.பி.எஸ்.இ., பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று போயிருப்பார்கள்.

மே 9, காலை. அட்டவணை:
போயிருக்கலாம். எத்தனை பேர் என்று தெரியாமல் "போயிருப்பார்கள்" என்று சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே நின்றுவிடும். ஒரே பேட்ச்சைப் பின்தொடர்வதுதான் வழி. 2024இல் பிளஸ் டூ எழுதியவர்கள் 2022இல் பத்தாவது எழுதியவர்கள். அந்த வருடம் மாணவிகள் 4,27,073 பேர் தேர்ச்சி, 94.38 சதவீதம். மாணவர்கள் 3,94,920 பேர், 85.83 சதவீதம். தேர்ச்சி பெற்றவர் எண்ணிக்கையைச் சதவீதத்தால் வகுத்தால் எழுதியவர் எண்ணிக்கை திரும்பக் கிடைக்கும்: பெண்கள் சுமார் 4.525 லட்சம், பையன்கள் சுமார் 4.60 லட்சம். இரண்டையும் கூட்டி, மொத்தம் எழுதியவர் என்று அறிவித்த 9,12,620 உடன் ஒத்துப்பார்த்துக்கொள்ளுங்கள். சில பத்து பேருக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ எண்ணைத் தப்பாக எடுத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

ஆக, பத்தாவதில் பையன்கள்தான் அதிகம். இரண்டே வருடத்தில் பெண்களில் 90 சதவீதம் பேர் பிளஸ் டூ தேர்வறைக்கு வந்தார்கள். பையன்களில் 76.5 சதவீதம்.

பிளஸ் டூ தேர்ச்சியைப் பத்தாவது எழுதியவர்களால் வகுத்தால், பெண்கள் 100க்கு 87, பையன்கள் 100க்கு 71. நாம் பேசிக்கொண்டிருக்கும் 4 புள்ளி இடைவெளி 16 ஆகிவிடுகிறது.

மே 9, மதியம். கணக்கு டீச்சர்:
அட்டவணை சார், இதில் ஒரு திருத்தம் வேண்டும். பாலிடெக்னிக்குக்குப் போன பையன் தோற்றவன் இல்லை. அவனைப் பகுதியில் வைத்துவிட்டு மேலே எண்ணாமல் விட்டால், டிப்ளமோ படிப்பவனையும் படிப்பை விட்டவனையும் ஒன்றாக்கி விடுகிறீர்கள். பிரித்துப் பாருங்கள்.

2022இல் பத்தாவது தவறிய பையன்கள் சுமார் 65,200. பெண்கள் சுமார் 25,400. தேர்ச்சி பெற்றும் பிளஸ் டூ எழுத வராதவர் (நிகரக் கணக்கில்) பையன்கள் 42,755, பெண்கள் 18,633. காணாமல் போன 1.08 லட்சம் பையன்களில் 60 சதவீதம் பத்தாவது வாசலில் நின்றவர்கள். மீதி 40 சதவீதத்துக்குத்தான் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., வேலை என்று பல வழிகள்.

நிகரம் என்று சொல்லக் காரணம்: துணைத்தேர்வில் தேறி அதே வருடம் பிளஸ் ஒன் சேர்கிறவர்கள் உண்டு. பத்தாவது வரை சி.பி.எஸ்.இ.யில் படித்துவிட்டு பிளஸ் ஒன்னுக்கு மாநிலப் பாடத்திட்டத்துக்கு வருகிறவர்களும் உண்டு. இரண்டு கூட்டமும் உள்ளே வருவதால், உண்மையில் வெளியே போனவர்கள் இந்த எண்ணைவிட அதிகமாகத்தான் இருப்பார்கள்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை இதில் சேர்க்க வேண்டாம். இந்த பேட்ச்கள் அதில் தவறினாலும் பிளஸ் டூ போக முடிந்தது, அரியர் எழுதிக்கொள்ள முடிந்தது. அங்கே வாசல் இல்லை.

மே 9, மதியம். அட்டவணை:
டீச்சர் பிரித்ததுதான் சரியான வடிவம். 16 புள்ளி என்பதை "இடைநிற்றல்" என்று யாரும் மேற்கோள் காட்டாதீர்கள். அது "மாநிலப் பாடத்திட்ட பிளஸ் டூ வழியாக முடிக்காதவர்" என்ற அளவு, அவ்வளவுதான்.

மே 9, இரவு. நொய்யல்:
சரி. ஆனாலும் இடைவெளி இறங்குவது இறங்குவதுதானே? 5.36, 4.93, 4.07, 3.54.

மே 10. அட்டவணை:
அந்த நாலு எண்ணில் நடுவே ஒரு கோடு போடுங்கள். 2022, 2023 பிளஸ் டூ பேட்ச்கள் பத்தாவது பொதுத்தேர்வே எழுதவில்லை. 2020இலும் 2021இலும் கொரோனாவால் தேர்வு ரத்து, ஆல் பாஸ். 2024, 2025 பேட்ச்கள் எழுதித் தேறி வந்தவர்கள்.

அந்த வாசல் திறந்திருந்தபோது என்ன ஆனது? 2023இல் பிளஸ் டூ எழுதிய பையன்கள் 3,82,371. அடுத்த வருடம், வாசல் திரும்ப மூடியதும், 3,52,165. ஒரே வருடத்தில் 30,000 பேர் குறைவு. பெண்கள் 4,21,013இலிருந்து 4,08,440, குறைவு 12,500. பேட்ச் அளவு வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும் என்பதைக் கழித்தாலும், பையன்கள் பக்கம் விழுந்தது அதிகம்.

தடுமாறுகிற பையனைப் பத்தாவதிலேயே நிறுத்திவிட்டால் பிளஸ் டூ தேர்ச்சி சதவீதம் தானாக ஏறும். 4.93இலிருந்து 4.07க்கு இறங்கியதில் ஒரு பங்கு பத்தாவது என்ற அந்தச் சல்லடையின் வேலை. எவ்வளவு பங்கு என்று இந்த மொத்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. மாணவர்வாரித் தரவு வேண்டும்.

மே 10. தறி:
சல்லடைக் கதை நன்றாக இருக்கிறது, ஆனால் 2019ஐ ஏன் விட்டுவிட்டீர்கள்? கொரோனாவுக்கு முன், வாசல் இருந்த காலம். மாணவிகள் 93.64, மாணவர்கள் 88.57. இடைவெளி 5.07. சல்லடை இருந்தும் 5க்கு மேல். உங்கள் விளக்கம் இடிக்கிறது.

மே 10, இரவு. அட்டவணை:
நல்ல கேள்வி. அந்த பேட்ச் 2017இல் பத்தாவது எழுதியது. அந்த வருடத் தேர்ச்சி 94.4. பெண்கள் 96.2, பையன்கள் 92.5. வாசல் இருந்தது, ஆனால் அகலமாக இருந்தது. 2022இல் பையன்கள் 85.83. ஆகவே 2019 என் விளக்கத்தை உடைக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாடத்திட்டம், வினாத்தாள் அமைப்பு எல்லாம் மாறிவிட்டன. 2019ஐயும் 2024ஐயும் நேராக வைத்து ஒப்பிடுவது எனக்கு ஒப்பவில்லை.

மே 11. கணக்கு டீச்சர்:
ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் கழிக்காதீர்கள். இரண்டு எண்ணும் 100ஐ நெருங்கும்போது இடைவெளி சுருங்கித்தான் ஆக வேண்டும். பெண்களுக்கு மேலே ஏற இடமே இல்லை. தவறியவர் சதவீதத்தை எடுத்து ஒன்றை ஒன்றால் வகுங்கள்.

2019: பையன்கள் 11.43, பெண்கள் 6.36. மடங்கு 1.80.
2023: 8.55, 3.62. மடங்கு 2.36.
2024: 7.63, 3.56. மடங்கு 2.14.
2025: 6.84, 3.30. மடங்கு 2.07.

கழித்தால் 5.07இலிருந்து 3.54க்கு நல்ல இறக்கம். வகுத்தால் 1.80இலிருந்து 2.07க்கு ஏற்றம். ஒரே தரவு, இரண்டு கதை. எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் எழுதிவிட்டுச் சொல்ல வேண்டும். எத்தனை பையன்களுக்குக் கூடுதல் உதவி தேவை என்று திட்டமிடுகிறவருக்குக் கழித்தல் போதும். ஒரு பையன் தவறுகிற அபாயம் பெண்ணைவிட எத்தனை மடங்கு என்று கேட்கிறவருக்கு வகுத்தல்.

மே 11. தறி:
2024இல் மூன்றாம் பாலினத்தவர் ஒருவர் எழுதினார், ஒருவர் தேர்ச்சி, 100 சதவீதம். இழையிலேயே யாரும் குறை சொல்ல முடியாத எண் அதுதான். 😀

மே 11. கணக்கு டீச்சர்:
வாழ்த்துச் சொல்லலாம், சதவீதம் சொல்லக் கூடாது.

மே 12. அட்டவணை:
2025 பேட்ச்சுக்கும் அதே கணக்கைப் போட்டேன். 2023 பத்தாவது: தேர்ச்சி பெண்கள் 4,30,710 (94.66), பையன்கள் 4,04,904 (88.16). எழுதியவர் பெண்கள் சுமார் 4.55 லட்சம், பையன்கள் 4.59 லட்சம். 2025 பிளஸ் டூ தேர்ச்சி பெண்கள் 4,05,472, பையன்கள் 3,47,670. எழுதியவர் சுமார் 4.19 லட்சம், 3.73 லட்சம்.

பத்தாவது எழுதிய 100 பேரில் பிளஸ் டூ தேறியவர்: பெண்கள் 89, பையன்கள் 76. போன பேட்ச்சில் 87, 71. இடைவெளி 16இலிருந்து 13.

இங்கே நொய்யலுக்கு ஒரு மதிப்பெண் போடலாம். பையன்கள் 21,000 பேர் கூடுதலாக எழுதியும் தேர்ச்சி சதவீதம் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. சல்லடை தளர்ந்தும் ஏறியதால், 2024–25 ஏற்றத்தைச் சல்லடையின் தலையில் கட்ட முடியாது. 2023–24 ஏற்றத்தோடு சேர்த்து ஒரே கோடாக இழுத்ததுதான் பிரச்சினை.

மே 12. நொய்யல்:
ஒரு மதிப்பெண் போதும், பாஸ் ஆனால் சரி.

மே 13. தறி:
இன்னொரு காரணம் யாரும் தொடவில்லை. பிரிவு. 2024இல் அறிவியல் பிரிவு 96 சதவீதம், வணிகவியல் 92, கலைப் பிரிவும் தொழிற்பிரிவும் 86க்குப் பக்கத்தில். பையன்கள் தொழிற்பிரிவில் அதிகம் இருந்தால் மொத்த சதவீதம் அதனாலேயே இறங்கும். பாலினம் இல்லை, பிரிவுதான் காரணம் என்று ஆகிவிடும்.

மே 13. கணக்கு டீச்சர்:
வந்துவிட்டது பெர்க்லி. இந்த மாதிரி இழை எதுவும் அதைத் தொடாமல் முடிவதில்லை. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1973இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புச் சேர்க்கையில் விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம், பெண்களில் 35 சதவீதம் பேருக்கு இடம். துறைவாரியாகப் பிரித்ததும் அந்தப் பாகுபாடு கரைந்துவிட்டது. இடம் கிடைப்பது கடினமான துறைகளில் பெண்கள் அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். 1975இல் பிக்கலும் உடன் இருவரும் அதை எழுதினார்கள்.

நம்முடையதைச் சோதிக்க: பிரிவுவாரியாக, பாலினவாரியாக எழுதியவர், தேர்ச்சி நான்கு பத்தி வேண்டும். பையன்களின் பிரிவுவாரித் தேர்ச்சி வீதத்தைப் பெண்களின் பிரிவுப் பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள். வருகிற எண், பையன்கள் பெண்களைப் போலவே பிரிவு எடுத்திருந்தால் என்ன தேர்ச்சி வந்திருக்கும் என்பது. அது 92.37இலிருந்து 93.5க்கு ஏறினால் பிரிவின் பங்கு ஒன்றேகால் புள்ளிக்கும் குறைவு, மீதி வேறு காரணம். 96க்கு ஏறினால் தறி சொன்னது சரி.

ஆனால் ஒன்று. எந்தப் பிரிவு கிடைக்கும் என்பதைப் பத்தாவது மதிப்பெண் தீர்மானிக்கிறது. பிரிவை "சரிக்கட்டி" விட்டால், பத்தாவதில் தொடங்கிய இடைவெளியையும் சேர்த்து அழித்துவிடுகிறோம். பெர்க்லியிலும் அதே கேள்வி மிச்சம் நின்றது: பெண்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள்?

மே 16, மாலை. அட்டவணை:
இன்று பத்தாவது ரிசல்ட். பெண்கள் 95.88, பையன்கள் 91.74. தவறியவர் மடங்கு 2.00. 2022இலிருந்து வரிசை: 2.52, 2.22, 2.09, 2.00. இங்கே கழித்தாலும் இறக்கம், வகுத்தாலும் இறக்கம். இப்படி இரண்டு வழியிலும் ஒரே திசை காட்டும்போதுதான் எனக்கு நம்பிக்கை வரும்.

எழுதியவர் இரண்டு பக்கமும் 4.35–4.36 லட்சம். 943 கணக்கில் பையன்கள் 4.61 லட்சம் இருக்க வேண்டும். 25,000 குறைவு. இதைப் படிப்பை விட்டவர்கள் என்று உடனே சொல்லக் கூடாது. மகனுக்கு சி.பி.எஸ்.இ., மகளுக்கு மாநிலப் பாடத்திட்டம் என்று செலவைப் பிரிக்கிற வீடுகள் இருந்தாலும் இதே எண் வரும். அப்படியானால் இது பையன்களின் பின்னடைவாக இருக்காது, பெண்களுக்குக் குறைவாகச் செலவழிப்பதன் தடயமாக இருக்கும். ஒரே எண்ணுக்கு நேர் எதிரான இரண்டு விளக்கம்.

மே 18. தறி:
மேற்படிப்புக்கு வருவோம். தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2019-20இல் 51.4, 2020-21இல் 46.9. ஒரே வருடத்தில் நாலரைப் புள்ளி சரிவு. கொரோனாதானே?

மே 18. அட்டவணை:
இல்லை. மறுபடியும் பகுதிதான். உயர்கல்வி அறிக்கையில் பகுதி என்பது 18–23 வயது மக்கள்தொகையின் கணிப்பு. 2019-20 வரை 2001 கணக்கெடுப்பிலிருந்து நீட்டிய கணிப்பு, அதன் பிறகு 2011இலிருந்து. அகில இந்திய அளவில் 2019-20க்கு முதலில் வந்த 27.1, புதிய பகுதியால் வகுத்தபோது 25.6 ஆனது. 51.4ஐயும் 46.9ஐயும் ஒரே வரைபடத்தில் இணைக்கக் கூடாது.

மேல் எண்ணிலும் விஷயம் உண்டு. எந்த வயதினரானாலும் கல்லூரியில் இருந்தால் மேலே எண்ணப்படுவார். வெளிமாநில மாணவர் சென்னையில் படித்தால் தமிழ்நாட்டுக் கணக்கு. பொறியியல் கல்லூரி நிறைந்த மாநிலத்துக்கு இது சாதகம்.

2021-22இல் 47. இதை, கல்லூரிப் பெண்களுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தின் சாதனை என்று ஒருவர் வேறு இடத்தில் எழுதியிருந்தார். திட்டம் தொடங்கியது 2022 செப்டம்பரில். காரணத்துக்கு முன்னால் விளைவு வராது.

மே 19. சர்வே ஆள்:
பள்ளி இடைநிற்றல் எண்ணுக்கும் இதே எச்சரிக்கை. பள்ளிகளைப் பற்றிய அரசுத் தரவுத் தொகுப்பான யூடைஸ் 2022-23இலிருந்து மாணவர்வாரியாகப் பதிவாகிறது. அதற்கு முன் பள்ளி கொடுத்த மொத்த எண்ணிக்கை. இரட்டைப் பதிவு கழிந்தாலே சேர்க்கை குறைந்ததாகத் தெரியும். கோட்டை அந்த வருடத்தில் உடைத்து வரையுங்கள்.

மாவட்டவாரி எண்ணுக்கும் ஒரு வார்த்தை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில், 18 வயதுக்கு முன் மணமான 20–24 வயதுப் பெண்கள் தமிழ்நாட்டில் 12.8 சதவீதம். மாநில அளவில் நம்பலாம். மாதிரி 25,650 பெண்கள். 32 மாவட்டத்துக்குப் பிரித்தால் 800. அதில் 20–24 வயதினர் ஏழில் ஒரு பங்கு என்று வைத்தால் 115 பேர். திட்டப்பிழை (மாதிரி எடுப்பதால் வரும் தடுமாற்றம்) 3.1, வீடுகளைக் கொத்துக் கொத்தாக எடுத்த மாதிரி என்பதற்குக் கொஞ்சம் கூட்டினால் 95 சதவீத எல்லை ஏறக்குறைய 7.5 புள்ளி இந்தப் பக்கம், 7.5 அந்தப் பக்கம். 5க்கும் 20க்கும் நடுவே எங்கோ. இதை வைத்து மாவட்டங்களுக்கு ரேங்க் போட்டால் குடவோலை எடுப்பதுதான். அட்டவணையில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் 25–49 பேரை வைத்து வந்தது, நட்சத்திரம் போட்டால் 25க்கும் கீழ். அடைப்புக்குறியை எக்செலில் ஒட்டும்போது அது மைனஸ் எண்ணாக மாறிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மே 21. நொய்யல்:
படிப்பில் பெண்கள் முன்னே, வேலையில் ஏன் பின்னே? அதுவும் இப்போது ஏறிவிட்டதாம். 2017-18இல் 23.3, 2023-24இல் 41.7.

மே 21. சர்வே ஆள்:
அது 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் உழைப்புப் பங்கேற்பு, அதாவது வேலையில் இருப்பவரும் வேலை தேடுபவரும் சேர்ந்த சதவீதம், நாடு முழுவதற்கும். கிராமம் 24.6இலிருந்து 47.6. நகரம் 20.4இலிருந்து 28.0. ஏற்றத்தின் பெரும்பகுதி கிராமத்தில்.

எப்படிப் பதிவாகிறது என்பதைப் பாருங்கள். வீட்டில் மாடு இருக்கிறது, பால் சொசைட்டிக்குப் போகிறது. கறப்பதும் தீனி வைப்பதும் அந்த அம்மா. கணக்கெடுப்பவர் ஒவ்வொருவரின் வேலை நிலைக்கும் ஒரு குறி எண் போடுவார். அவருக்குக் குறி 21 விழலாம், வீட்டுத் தொழிலில் ஊதியமில்லா உதவியாளர், அதாவது உழைப்புப் படையில் இருப்பவர். "வீட்டு வேலைதான் பார்க்கிறேன்" என்று பதில் வந்து மேல்கேள்வி கேட்காமல் விட்டால் 92. விறகு பொறுக்குவது, வீட்டுக்குத் தைப்பது சேர்ந்தால் 93. இந்த இரண்டும் உழைப்புப் படைக்கு வெளியே. வருடத்தில் 30 நாள் துணை வேலை செய்தாலே "வழக்கமான நிலை"யில் உள்ளே வந்துவிடுவார்.

ஆகவே மொத்த எண்ணை விட்டுவிட்டு 31ஐ மட்டும் எடுத்துப் பாருங்கள். அதுதான் மாதச் சம்பளம். படிப்போடு இணைத்துப் பார்ப்பதானால் வயதை 25–34 என்று கட்டிவிடுங்கள். இல்லையென்றால் எழுத்தறிவில்லாத முதிய விவசாயக் கூலிப் பெண்களும் இளம் பட்டதாரிகளும் ஒரே தராசில் நிற்பார்கள்.

மே 22. கணக்கு டீச்சர்:
வீட்டு வேலை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலை பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97 என்று போடுகிறார்கள். மூன்று மடங்கு. அது அன்றைக்கு அந்த வேலையைச் செய்தவர்களின் சராசரி. செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1. எல்லாரையும் சேர்த்தால் பெண்களுக்கு 243, ஆண்களுக்கு 25. பத்து மடங்குக்குக் கொஞ்சம் கீழே. அடுப்படிப் பக்கமே வராத நான்கில் மூன்று ஆண்கள் முதல் சராசரியில் காணாமல் போகிறார்கள், பிளஸ் டூ பையன்களைப் போலவே.

மே 22. நொய்யல்:
அந்த நான்கில் மூன்று பேரில் இந்த இழைக்காரர்கள் எத்தனை பேர் என்று கேட்க மாட்டேன்.

மே 24. அட்டவணை:
இந்தக் கணக்கைப் போடும் ஷீட்டைக் கேட்டவர்களுக்கு: ஒரு பேட்ச்சுக்கு ஒரு வரி. பத்திகள் வரிசையாக: பத்தாவது வருடம், எழுதிய பெண், எழுதிய ஆண், தேறிய பெண், தேறிய ஆண், பிளஸ் டூவுக்கும் அதே நான்கு. கடைசிப் பத்தியில் "வாசல்": தேர்வு நடந்ததா, ஆல் பாஸா. சதவீதத்தை டைப் செய்யாதீர்கள், ஷீட்டே வகுக்கட்டும். தனித்தேர்வர்களைச் சேர்க்காதீர்கள், துணைத்தேர்வு முடிவைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

அடுத்த வரி இப்போதே பாதி நிரம்பிவிட்டது. 2024 பத்தாவது: எழுதியவர் இரண்டு பக்கமும் சுமார் 4.47 லட்சம். தேறியவர் பெண்கள் 4,22,591, பையன்கள் 3,96,152. இந்த வருடம் பையன்களில் 81 சதவீதம் பேர் பிளஸ் டூ எழுத வந்தார்கள். 2026இல் எழுதுகிற பையன்கள் 3.63 லட்சத்துக்குக் கீழே போனால், தேர்ச்சி 94ஐத் தாண்டினாலும் நொய்யலுக்கு மதிப்பெண் கிடையாது.